மீனுக்கு முன் நீர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீட்டுக் கூடத்தில் வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டியும் அதில் நீந்தும் வண்ணமீன்களும் காண்போர் மனத்தை ஈர்ப்பவை. எனினும், நோய் புகுந்துவிட்டால் ஒரு வாரத்திற்குள் தொட்டி வெறுமையாகிவிடக்கூடும். அவ்வாறு வெறுமையான தொட்டியில் மீண்டும் உயிர் தழைக்கச் செய்வது எவ்வாறு? மறுநாளே புதிய மீன்களை வாங்கி விடுவது ஏன் தவறாகிறது? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடைகளை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

‘மீன்’ என்னும் சொல் வானில் ஒளிர்வதையும் நீரில் நீந்துவதையும் ஒருசேரக் குறிப்பது. அயிரை, கெண்டை, கயல், சேல், வாளை, விரால் என மீன்களை வகைப்படுத்திப் பெயரிட்டு அழைத்தவர் தமிழர். ஆற்றிலும் குளத்திலும் வயலிலும் வாழும் மீன்களை நெடுங்காலமாக அறிந்த நமக்கு, நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் மீன் வளர்ப்பது புதிய பழக்கமே. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டு பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று சென்னையின் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்று விளங்குகிறது. சிறிய ஊர்களின் கடைத்தெருக்களிலும் நெகிழிப் பைகளில் வண்ணமீன்களை வாங்கிச் செல்ல முடிகிறது.

மீனை வாங்குவது எளிது. வாழவைப்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். ஆற்றில் ஒரு மீன் வெளியேற்றும் கழிவைப் பெருநீர் கரைத்துக்கொண்டு செல்லும். மண்ணும் செடியும் நுண்ணுயிர்களும் அதனை மாற்றி அமைக்கும். தொட்டியிலோ கழிவு செல்வதற்கு வேறிடம் இல்லை. ஆறு செய்யும் பணியைத் தொட்டியில் வளர்ப்பவரே ஏற்றுச் செய்யவேண்டியுள்ளது. இப்பணியின் தன்மையை நன்கு உணர்த்துவது, நோயால் மீன்கள் இறந்தபின் தொட்டியை மீண்டும் தொடங்கும் முயற்சியாகும்.

ராசியா, காரணமா?

புதிதாகத் தொட்டி வாங்கிய வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முதல் வாரம் மீன்கள் துள்ளித் திரிகின்றன. இரண்டாம் வாரம் ஒரு மீனின் துடுப்பில் உப்புத்தூள் தூவியதைப் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. அம்மீன் கூழாங்கற்களின்மீது உடலைத் தேய்க்கிறது. சில நாள்களில் எல்லா மீன்களிலும் புள்ளிகள் தென்படுகின்றன. அவை உணவை மறுத்து, நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்து, ஒவ்வொன்றாக இறக்கின்றன.

வீட்டார் தொட்டியையும் கற்களையும் வடிகட்டியையும் சோப்புத்தூள் இட்டுத் தேய்த்துக் கழுவுகின்றனர். குழாய் நீரை நிரப்பி, அன்று மாலையே புதிய மீன்களை விடுகின்றனர். பத்து நாள்களுக்குள் அவையும் இறந்துவிடுகின்றன. “எங்கள் வீட்டுக்கு மீன் ராசியில்லை” என்ற முடிவுடன் தொட்டி பரணுக்குச் செல்கிறது. வீட்டுக்கு வரவிருந்த தீங்கை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டது என்று ஆறுதல் கொள்வோரும் உளர்.

இவ்விரு கூற்றுகளும் மனத்துக்கு அமைதி தரலாம். ஆனால், காரணத்தைத் தேடும் முயற்சியை அவை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. உண்மையில் இங்கு நிகழ்ந்தவை இருவேறு இறப்புகள். முதன்முறை மீன்கள் இறந்தது நோயினால். இரண்டாம் முறை இறந்தது பெரும்பாலும் நீரினால். அழுக்கைப் போக்குவதாக எண்ணிச் செய்த தூய்மைப்பணியே தொட்டியின் உயிர்நாடியைத் துண்டித்துவிட்டது. இதனைப் புரிந்துகொள்ள, தொட்டிநீருக்குள் நிகழும் மாற்றங்களை அறிதல் வேண்டும்.

வாரிங்டன் கண்ட சமநிலை

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் ஆய்வை மேற்கொண்டார். பன்னிரண்டு கேலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி வெளியிடும் உயிர்வளி மீனுக்குப் பயன்படும். மீன் வெளியிடும் கரியமிலவாயு செடிக்குப் பயன்படும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அது பொய்க்கவில்லை. ஆனால், செடியின் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கியதும் நீர் கலங்கியது; கலத்தின் சுவரில் பாசி படர்ந்தது. பின்னர் அவர் சில நன்னீர் நத்தைகளை அதனுள் விட்டார். அவை அழுகிய இலைகளையும் பாசியையும் உண்டன, நீர் தெளிந்தது. இம்முடிவுகளை 1850ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

மீன் ஒன்றே தொட்டியில் வாழும் உயிர் எனக் கருதுதல் தவறு என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. எனினும், வாரிங்டன் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் உயிர்க்கூட்டமும் அக்கலத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பணி வெளிப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள்

மீன்கள் உண்ட உணவிலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. உண்ணாமல் எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவையே தருகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அது செவுள்களை அரித்து மூச்சுத் திணறச் செய்யும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடுந்தோறும் அந்நஞ்சின் கடுமையும் கூடும்.

இயற்கையில் இந்நஞ்சை முறிப்பவை இருவகை நுண்ணுயிர்கள். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, அது குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். இரண்டாம் வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் குறைந்த அளவில் மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. செடிகளுக்கு அது உரமாகும். நீரை அவ்வப்போது ஒரு பகுதி மாற்றுவதன்மூலம் அதனைக் கட்டுக்குள் வைக்கலாம். இருவகை நுண்ணுயிர்கள் இணைந்து நிகழ்த்தும் இம்மாற்றத்தை 1890ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகளால் உலகறியச் செய்தவர், உருசிய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிடப் பரப்புகளில் ஒட்டி வாழ்வதே மிகுதி. வடிகட்டியின் கடற்பஞ்சு போன்ற நுரைப்பகுதி, கூழாங்கற்கள், கண்ணாடிச் சுவர், செடியின் இலை ஆகியன அவற்றின் உறைவிடங்கள். தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பாக உள்ள அப்படலத்தை நாம் அழுக்கு என்கிறோம். சோப்பும் குளோரினும் அதனை அழித்துவிடுகின்றன. அவை மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கழுவிய அன்றே மீன் விட்டால் அம்மோனியாவை மாற்றுவதற்கு அங்கு எவரும் இல்லை. கண்ணாடி பளிச்சிடும், நீரும் தெளிவாகத் தோன்றும், அத்தெளிந்த நீருக்குள்தான் மீன் நஞ்சுண்டு இறக்கிறது.

நோயை இனங்காணல்

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் என்னும் ஒழுங்கை வள்ளுவர் அதில் வகுத்துள்ளார். மனிதனுக்குரிய அம்முறை மீனுக்கும் பொருந்தும். தொட்டியை முழுவதும் கழுவ வேண்டுமா, வேண்டாவா என்பதை முடிவு செய்வது மீனைக் கொன்ற நோயின் தன்மையே.

நன்னீர்த் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது வெண்புள்ளி நோய். இதனைத் தோற்றுவிப்பது ‘இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்’ என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் அது மீனின் தோலுக்கடியில் தங்கி மீனின் திசுக்களை உண்டு வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. இந்நிலையில் மருந்து அதனை எட்டுவதில்லை. வளர்ந்தபின் மீனைவிட்டு நீங்கித் தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறைக்குள் ஒன்று பலவாகப் பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. மூன்றாம் நிலையில் அவை உறையை உடைத்து வெளிப்பட்டு, நீந்தி மீனைத் தேடுகின்றன. மருந்தும் உப்பும் வேலை செய்வது இந்நீந்தும் நிலையில்தான். ஏறத்தாழ இரண்டு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிடில் அவை இறந்துபோகும்.

25 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள நீரில் இச்சுழற்சி ஒரு வாரமளவில் முடிவடையும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் நீளும். புள்ளிகள் மறைந்தவுடன் நோய் நீங்கிவிட்டதாகக் கருதி மருந்தை நிறுத்துவோர் பலர். மீனைவிட்டு நீங்கிய ஒட்டுண்ணி அடித்தளத்தில் பெருகிக்கொண்டிருக்கும் நாள்கள் அவை என்பதை அறிந்தால், அவ்வாறு நிறுத்தமாட்டார்கள்.

தெரிந்து தெளிவோம்

வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணிக்கு இடப்பட்ட அறிவியல் பெயர் ‘பல பிள்ளைகளை உடைய மீன்பேன்’ என்னும் பொருளைத் தருவது. ஓர் உறையிலிருந்து நூற்றுக்கணக்கான இளம் உயிரிகள் வெளிப்படுவதை அப்பெயரே உணர்த்துகிறது.

துடுப்பு அழுகல், வாயைச் சுற்றிப் பஞ்சு போன்ற படலம் தோன்றுதல் ஆகியன பாக்டீரியாவால் வருபவை. அத்தகைய பாக்டீரியாக்கள் பல நலமுள்ள தொட்டிகளிலும் சிறு அளவில் இருக்கக்கூடும். நீர் கெட்டு மீன் நலிவுறும் வேளையில் அவை நோயாக வெளிப்படுகின்றன. எனவே, இங்கும் நீரைச் சீர்செய்தலே முதல் மருத்துவம்.

இவற்றினும் கொடியது மீன் காசநோய். மீன்கள் நாளடைவில் மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, ஆறாத புண்களுடன் ஒவ்வொன்றாக இறக்கும். நுண்ணோக்கி ஆய்வின்றி இதனை உறுதிசெய்ய இயலாது. இந்நோய்க்கிருமி, கையிலுள்ள காயத்தின் வழியாக மனிதரின் தோலிலும் புண்ணை ஏற்படுத்த வல்லது.

கழுவுவதா, காப்பதா?

தொட்டியைக் காலி செய்தவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, நோய்க்கிருமியுடன் நன்மை தரும் நுண்ணுயிரையும் சேர்த்து அழித்துவிட்டு முற்றிலும் புதிதாகத் தொடங்குதல். மற்றொன்று, நன்மை தருவதைக் காத்துக்கொண்டு நோய்க்கிருமியை மட்டும் பட்டினியிட்டு மாய்த்தல்.

காசநோய் ஐயம் உள்ளபோதும், காரணம் தெரியாமல் மீன்கள் தொடர்ந்து இறந்தபோதும் முதல் வழியே ஏற்றது. செடிகள், கற்கள், வடிகட்டியின் நுரைப்பகுதி ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் வெளுப்புநீர் ஒரு பங்குக்கு நீர் இருபது பங்கு என்ற அளவில் கலந்து, கண்ணாடித் தொட்டியையும் குழாய்களையும் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். பின்னர் வெளுப்புநீரின் மணம் சிறிதும் எஞ்சாதவாறு பலமுறை அலசி, வெயிலில் சில நாள்கள் நன்கு உலர்த்த வேண்டும். வெளுப்புநீரை அமிலத்துடனோ பிற தூய்மைப் பொருள்களுடனோ கலத்தல் கூடாது, நச்சுவாயு வெளிப்படும். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, பெரியவர் துணையுடன் செய்யவேண்டிய பணி இது.

வெண்புள்ளி நோய் எனத் தெளிவாகத் தெரிந்தால் இரண்டாம் வழி சிறந்தது. உயிர்பிழைத்த மீன்கள் இருப்பின் அவற்றைத் தனிக்கலத்திற்கு மாற்றி மருத்துவம் செய்ய வேண்டும். தொட்டியை மீனின்றி ஓடவிட வேண்டும். இங்குதான் இயற்கையின் நுட்பம் ஒன்று நமக்குத் துணைநிற்கிறது. ஒட்டுண்ணி வாழ்வதற்கு மீன் வேண்டும். நன்மை தரும் நுண்ணுயிருக்கு மீன் தேவையில்லை, அம்மோனியா இருந்தால் போதும். ஆகவே, மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டுவந்தால் அது அழுகி அம்மோனியாவைத் தரும். நுண்ணுயிர்கள் வாழும், மீனைக் காணாத ஒட்டுண்ணிகள் மாயும். பகைக்குப் பட்டினியும் நட்புக்கு உணவும் ஒரே நீரில் நிகழ்கின்றன.

நம் சமவெளி ஊர்களின் வெப்பத்தில் இதற்கு நான்கு வாரக் காத்திருப்பு பாதுகாப்பானது. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் நீர்ச்சூடேற்றியைப் பயன்படுத்த வேண்டும். அல்லது இன்னும் நீண்டநாள் காத்திருக்க வேண்டும்.

வெறுந்தொட்டியின் நாள்கள்

முற்றிலும் கழுவித் தொடங்கியவரும் அதே நான்கு முதல் ஆறு வாரங்களைக் கடந்தே ஆகவேண்டும். முதலில் நீர். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 57 லிட்டர் கொள்ளும். கற்களுக்கும் மேல்விளிம்பில் விடும் இடைவெளிக்கும் கழித்தால் 45 லிட்டர் அளவே நீர் நிற்கும். மருந்தையோ உப்பையோ கணக்கிடும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுளையும் நுண்ணுயிரையும் தாக்கும். அகன்ற கலத்தில் நீரைப் பிடித்து, காற்றுக்குமிழி விட்டு ஒருநாள் திறந்துவைத்தால் குளோரின் நீங்கும். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியையும் குறிப்பிட்ட அளவில் சேர்க்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால், அது பெரும்பாலும் கடினநீராக இருக்கும். எவ்வகை நீர் நமக்குக் கிடைக்கிறதோ அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது, மீனுக்கேற்ப நீரை மாற்ற முயல்வதைவிட எளிது.

நீர் நிரப்பி வடிகட்டியை இயக்கியபின் ஒரு சிட்டிகை மீனுணவை நாள்தோறும் இட்டுவர வேண்டும். நோயற்ற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய நுரைப்பகுதியில் ஒரு துண்டைப் பெற்றுச் சேர்த்தால் காத்திருக்கும் காலம் குறையும். தோசைமாவுக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பதைப் போன்றது இது. ஆனால், அத்தொட்டி நோயற்றது என்பதில் உறுதி வேண்டும்.

நீர்ச்சோதனைத் தொகுப்புகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு வாரம் இருமுறை அளந்து குறித்துவந்தால், முதலில் அம்மோனியா உயர்வதும் பின்னர் அது குறைய நைட்ரைட் உயர்வதும் தெரியும். உணவிட்ட மறுநாள் இரண்டும் சுழியமாகி, நைட்ரேட் மட்டும் தென்படும் நிலையே தொட்டி முதிர்ந்ததற்கு அடையாளம். நாள்காட்டியைவிடச் சோதனைக்குழாயின் நிறமே இங்கு நம்பத்தக்க சான்று.

புதிய வரவுகள்

தொட்டி முதிர்ந்த பின்னரும் கடையிலிருந்து வரும் மீனை நேரே தொட்டிக்குள் விடுதல் கூடாது. முதல் நோய் வந்த வழி பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். நெருக்கடியான கடைத் தொட்டியிலிருந்து வரும் மீன், பார்வைக்கு நலமாகத் தோன்றினும் செவுளுக்குள் ஒட்டுண்ணியைச் சுமந்து வரலாம். இருபது லிட்டர் நெகிழித் தொட்டி ஒன்று, நுரை வடிகட்டி ஒன்று, தனி வலை ஒன்று ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே தனிமைத் தொட்டி அமைத்துக்கொள்ளலாம். அந்நுரையையும் முதன்மைத் தொட்டியிலேயே வைத்து முன்னதாக முதிரச் செய்துகொள்ளுதல் நன்று. மூன்று முதல் நான்கு வாரங்கள் புதிய மீன்களை அதில் வைத்து நோக்க வேண்டும். நீர்ச்செடிகளுக்கும் நத்தைகளுக்கும்கூட இக்காத்திருப்பு பொருந்தும்; ஒட்டுண்ணியின் உறைகள் அவற்றில் ஒட்டி வரக்கூடும்.

கடையிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். துடுப்புகள் விரிந்துள்ளனவா, மீன் உணவை நாடி வருகிறதா, அதே தொட்டியில் இறந்த மீன் கிடக்கிறதா என்று பார்த்தல் நன்று. வீட்டுக்கு வந்ததும் பையை மூடியவாறே நீரின்மேல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பநிலை ஒத்தபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

கடினநீர் கிடைக்கும் ஊர்களில் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டியிடும் மீன்கள் நன்கு வாழும். நியான் டெட்ரா போன்றவை மென்னீரை விரும்புபவை. தங்கமீன் பெரிதாக வளர்வதும் மிகுந்த கழிவை வெளியேற்றுவதும் ஆகும். சிறு கண்ணாடிக் கிண்ணம் அதற்கு வீடாகாது. ஆண் சண்டைமீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று தாக்கும்.

எத்தனை மீன் என்பதைவிட எவ்வளவு இடைவெளியில் என்பதே முதன்மையானது. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை கிடைக்கும் கழிவின் அளவுக்கேற்ப அமைவது. இரண்டு மூன்று மீன்களுக்குப் பழகிய தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன்களை விட்டால், மீண்டும் அம்மோனியா உயரும். ஆகவே, முதலில் இரண்டு மூன்று சிறுமீன்கள். நீர்ச்சோதனை சீராக இருந்தால், தனிமைத் தொட்டியில் காத்திருப்பவற்றில் மேலும் சில என மெல்லச் சேர்க்க வேண்டும்.

அதன்பின் செய்யவேண்டியவை எளியன. இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிட வேண்டும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டியின் நுரையைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து எடுக்க வேண்டும். நைட்ரேட் நிறைந்த அப்பழைய நீரைத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றலாம்.

வீட்டுக்கு வெளியே ஒரு கடமை

சலித்துப்போன மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுவதைச் சிலர் கருணை எனக் கருதுகின்றனர். தொட்டியின் பாசியை உண்ணும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன் இவ்வாறு வெளியேறி, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியுள்ளது. தடித்த எலும்புத் தகடுகள் போர்த்த அம்மீன் நம் மீனவரின் வலைகளைச் சேதப்படுத்துகிறது; விலைபோவதும் இல்லை. நோயுற்ற மீனையோ அதன் நீரையோ நீர்நிலையில் சேர்த்தால், நோயும் அங்குச் சென்று சேரும். இறந்த மீனை மண்ணில் ஆழப் புதைத்தல் முறை.

தொட்டிநீரை வெளியேற்றக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கமும் கைவிடத்தக்கது. குழாயை முதலில் நல்ல நீரால் நிரப்பி, நுனியை விரலால் மூடிக் கீழே இறக்கித் திறந்தாலே நீர் வடியும். கையில் காயம் இருப்பின் கையுறை இன்றித் தொட்டிக்குள் கையிடலாகாது. பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். சோப்புக்குரிய இடம் அதுவே.

மீன்நோய் குறித்த அறிவு வீட்டுத் தொட்டியோடு நின்றுவிடுவதன்று. மீன்பண்ணை வைத்து வாழும் குடும்பங்களுக்கு ஒருமுறை நோய் புகுந்தாலே ஓராண்டு உழைப்பு வீணாகும். தூத்துக்குடியில் 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரியும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012ஆம் ஆண்டு உருவான மீன்வளப் பல்கலைக்கழகமும் இத்துறையைக் கற்பிக்கின்றன. மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் மீன்வள அறிவியலை உயர்கல்வியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

தன் பசியையும் நோயையும் சொல்ல மீனுக்கு வாயில்லை. அதன் துடுப்பும் நிறமும் மூச்சும் சொல்வதை நாமே படித்தறிய வேண்டும். நம் விருப்பத்துக்காக ஆற்றிலிருந்தும் பண்ணையிலிருந்தும் பிரித்துக் கொணர்ந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அது வருவதற்கு முன்பே அதன் நீரை ஆயத்தம் செய்து வைப்பதாகும். பரணில் கிடக்கும் தொட்டியை இறக்கும்முன் ராசி பார்க்க வேண்டியதில்லை. ஒரு மாதம் காத்திருக்கும் மனம் உண்டா என்று பார்த்தால் போதும்.

சொல்லும் பொருளும்

செவுள் – மீனின் மூச்சுறுப்பு
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து அதன் உடலை உண்டு வாழும் உயிரி
கடினநீர் – கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர்
தனிமைத் தொட்டி – புதிய மீன்களைப் பிரித்து வைத்து நோய் உண்டா என நோக்கும் தொட்டி

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கிடைக்கும் நீர் எவ்வகையானது எனக் கேட்டறிந்து, அதற்கேற்ற வண்ணமீன்களின் பட்டியலை உருவாக்குக.
2. உங்கள் ஊரில் வழங்கும் நன்னீர் மீன்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் இன்று காணக் கிடைக்காதவை எவை எனக் குறிப்பிடுக.
3. ‘ராசியில்லை’ என்று கைவிடப்பட்ட செயல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பின்னுள்ள காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மீனின் புரதக்கழிவு பெரும்பாலும் வெளியேறும் வழி
அ) துடுப்பு ஆ) செதில் இ) செவுள் ஈ) வால்

2. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியை மருந்து தாக்கும் நிலை
அ) தோலுக்கடியில் வளரும் நிலை ஆ) உறைக்குள் பிரியும் நிலை இ) நீந்தி மீனைத் தேடும் நிலை ஈ) மூன்று நிலைகளும்

3. சரியான வரிசையைத் தேர்க
அ) நைட்ரேட் – நைட்ரைட் – அம்மோனியா
ஆ) அம்மோனியா – நைட்ரைட் – நைட்ரேட்
இ) நைட்ரைட் – அம்மோனியா – நைட்ரேட்
ஈ) அம்மோனியா – நைட்ரேட் – நைட்ரைட்

குறுவினா

1. வாரிங்டன் தம் கலத்தில் நத்தைகளை விட்டதன் பயன் யாது?
2. வடிகட்டியின் நுரையைக் குழாய் நீரில் கழுவலாகாது. ஏன்?
3. சக்கர் மீனால் விளைந்த தீங்குகள் யாவை?

சிறுவினா

1. ‘பகைக்குப் பட்டினியும் நட்புக்கு உணவும்’ – இத்தொடரைப் பாடப்பொருள் கொண்டு விளக்குக.
2. முதன்முறை நோயினாலும் இரண்டாம் முறை நீரினாலும் மீன்கள் இறந்தன என்னும் கூற்றை நிறுவுக.

நெடுவினா

1. நோயால் மீன்களை இழந்த வீட்டார் ஒருவருக்கு, தொட்டியை மீண்டும் தொடங்கும் முறையை வாரவாரியாக எடுத்துரைத்துக் கடிதம் எழுதுக.